பிழை என்று எழுதப்பட்ட அலகு

வழு என்ற சொல்லோடு எனக்குப் பழைய தகராறு ஒன்று உண்டு. எம்.ஏ. படிக்கிற நாளில், கிளவியாக்கம் பாடம் கேட்கும்போது தொடங்கியது அது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழியில் ஒருவர் தப்பிப் பேசிவிடலாம் என்கிறது நமது இலக்கண மரபு. அந்தத் தப்புகளில் சில தள்ளப்படும். சில 'அமையும்' என்று விடப்படும். வீட்டுப் பசு கொல்லைப்பக்கம் வருவதைப் பார்த்து ஆசையில் 'அம்மா வந்துட்டா' என்று ஒருத்தி சொன்னால், அஃறிணை உயர்திணை ஆகிவிட்டது, திணை வழு. ஆனால் உவப்பினால் வந்த வழு ஆகையால் அமையும். இதற்குப் பேர் வழுவமைதி. வகுப்பில் எல்லோரும் இதைப் பெரிய தாராளம் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். பிறகுதான் உறுத்தியது. அமைதி கொடுக்கப்பட்ட பின்னும் அது வழுவாகத்தானே இருக்கிறது? மன்னிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கவே இல்லையே? அந்தப் பசுவை வேறெப்படியும் கூப்பிடத் தோன்றாதவளுக்கு இந்த மன்னிப்பு என்னத்துக்கு?

தீராமல் கிடந்த இந்தத் தகராறு, பல வருஷம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் மறுபடி எதிர்ப்பட்டது. ஐரோப்பியப் பறவையியலில், ஒரு குருவியின் அலகைப் பற்றி எழுநூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவந்த பேச்சில். 'இயல்பு', 'பிறழ்வு' என்ற இரட்டையை மனநோய், குற்றம், பாலியல் இவற்றின் வரலாறுகளில் வைத்துப் பார்க்க நமக்குப் பழகிவிட்டது. ஒரு குருவியின் மூக்கில் வைத்துப் பார்த்தால் அதே இரட்டை எவ்வளவு நிர்வாணமாகத் தெரிகிறது என்பதற்காகவே இதை எழுத நினைத்தேன்.

ஃபிஞ்ச் என்று வழங்கும் சிறுகுருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. எடை நாற்பது கிராம் அளவு. ஆண் செங்கல் சிவப்பு, பெண் பச்சை கலந்த மஞ்சள். வட ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா முழுவதும் ஊசியிலைக் காடுகளில் உண்டு; இமயமலையிலும் உண்டு; நம் பக்கம் கிடையாது. ஆகவே இந்தக் கட்டுரையின் தேவைக்குக் குறுக்கலகி என்று ஒரு பேரை நானே வைத்துக்கொள்கிறேன். மேலலகின் நுனியும் கீழலகின் நுனியும் ஒன்றோடொன்று பொருந்தாமல், கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் மாதிரி ஒன்றையொன்று தாண்டிக் குறுக்காகப் போய்விடும். சிலவற்றில் கீழலகு வலப்பக்கம் தாண்டும், சிலவற்றில் இடப்பக்கம். இந்த வலம் இடம் விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு முழுக்க இதன் மேலேதான் நடக்கப் போகிறது.

விஞ்ஞானப் பேர் லாக்ஸியா கர்வீராஸ்ட்ரா. லின்னேயஸ் 1758இல் வைத்தது. லாக்ஸியா என்ற சொல்லை அவருக்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டில், ஸ்விஸ் நாட்டு கெஸ்னர் பயன்படுத்திவிட்டார். கிரேக்கத்தில் 'லாக்ஸோஸ்' என்றால் கோணல், சாய்வு. கர்வீராஸ்ட்ரா என்றால் வளைந்த அலகு. ஆகப் பேரின் இரண்டு பாதியும் கோணலையே சொல்கின்றன. அந்தக் கோணல் செய்கிற வேலையைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. இங்கே ஒரு சின்ன விலகல். கிரேக்கர்கள் அப்பல்லோவுக்கும் 'லாக்ஸியாஸ்' என்று ஒரு பேர் வைத்திருந்தார்கள். டெல்ஃபியில் அவன் வாக்கு நேராக வராது, சுற்றி வளைத்து வரும் என்பதால் அந்தப் பேர் என்று பழைய ஆசிரியர்களே விளக்கம் சொன்னார்கள். தெய்வம் கோணலாகப் பேசினால் அது ஆழம், குருவி கோணலாக இருந்தால் ஊனம். சொல் ஒன்றுதான்.

நம்மூர் ஏரிகளில் திரியும் நாரை ஒன்று இருக்கிறது. மூடினாலும் அலகின் நடுவே சந்து தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு 'திறந்த அலகு' என்று பேர், அதாவது மூடாத குறைதான் பேர். தமிழில் நத்தைகுத்தி. உருவத்தைப் பார்த்துப் பேர் வைப்பதற்கும் வேலையைப் பார்த்துப் பேர் வைப்பதற்கும் உள்ள தூரம் சாதாரணமானதில்லை. (இதை வைத்துத் தமிழன் மேன்மை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கரண்டிவாயன் என்று வைத்ததும் நாம்தான்.)

*

குறுக்கலகிகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஊசியிலை மரங்கள் எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. ஒரு பிரதேசத்தில் கூம்புகள் பொய்த்துப்போனால் இவை கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, அதுவரை போயிராத ஊர்களில் போய் இறங்கும். அப்படி ஒரு கூட்டம் 1251இல் இங்கிலாந்தில் இறங்கியது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ் தன் நாளாகமத்தில் அதைக் குறித்து வைத்திருக்கிறார். பழம் பழுக்கிற பருவத்தில் வானம்பாடியைவிடச் சற்றுப் பெரிய, இதுவரை பார்த்திராத பறவைகள் தோட்டங்களில் வந்தன, ஆப்பிளைப் பிளந்து விதையை மட்டும் தின்றன, மிச்சத்தை விட்டுப்போயின, அது விஷம் பட்டதுபோல ஆயிற்று. தோட்டக்காரர்களுக்கு நஷ்டம். இவ்வளவும் சொல்லிவிட்டு, அலகின் பகுதிகள் குறுக்காக இருந்தன என்றும், அவற்றை இடுக்கி போலவோ கத்தி போலவோ வைத்துப் பழத்தைப் பிளந்தன என்றும் எழுதுகிறார்.

இந்த வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி. எல்லாவற்றிலும் சகுனம் பார்க்கிற காலம். வந்திருப்பதோ நாசம் செய்கிற பறவை. 'விகாரம்' என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதியது இடுக்கி என்று. ஏனென்றால் பறவை அவர் கண்ணுக்கு வந்ததே வேலை செய்துகொண்டுதான். ஆப்பிளும் அலகும் சேர்ந்தே வந்தன. பிரித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பில்லை. 'இருண்ட காலம்', 'அறிவொளிக் காலம்' என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிற நமது பாடநூல் வரலாற்றுக்கு இந்த ஒரு வரி கொஞ்சம் இடைஞ்சல்.

ஜெர்மன் பேசும் நிலங்களில் பேச்சு வேறு திசையில் போயிற்று. அங்கே இதன் பேரில் இருக்கிற 'க்ரொய்ட்ஸ்' குறுக்கு என்றும் அர்த்தம், சிலுவை என்றும் அர்த்தம். (போர்ச்சுகீசியரிடமிருந்து நாம் வாங்கிய குருசு, நமது குறுக்கோடு ஒலியில் உரசுவதும் ஒரு தற்செயல்தான்.) ஏசுவைச் சிலுவையில் அறைந்தபோது ஆணியைப் பிடுங்க முயன்ற குருவி இது, அந்த முயற்சியில் அலகு கோணிப்போயிற்று, ரத்தம் பட்டு உடம்பு சிவந்தது என்று கதை. யூலியஸ் மோசன் இதைக் கவிதையாக்கினார். லாங்ஃபெல்லோ ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். கதையில் கோணல் கோணலாகவே இருக்கிறது, ஆனால் காயம் என்கிற மரியாதையோடு இருக்கிறது. மரியாதைக்கு விலை உண்டு. துரிங்கியா மலைக்காடுகளைச் சேர்ந்த பெக்ஸ்டைன், கூண்டுப் பறவைகளைப் பற்றி 1795இல் வெளியிட்ட நூலில் அந்த விலையைப் பதிவு செய்கிறார். அவர் ஊர்ப்பக்கத்து ஜனங்கள் இந்தக் குருவியைக் கூண்டில் அடைத்து வீட்டில் வைப்பார்கள். வீட்டில் இருப்பவர்களின் ஜலதோஷம், வாதம் எல்லாவற்றையும் அது தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. மேலலகு வலப்பக்கம் சாய்ந்தது ஆண்களின் நோயை வாங்கும். இடப்பக்கம் சாய்ந்தது பெண்களின் நோயை. அது குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் வலிப்புக்கு மருந்து.

பிறர் பாவத்தைச் சுமந்தவனுக்கு உதவப்போய்க் கோணிய குருவி பிறர் நோயைச் சுமக்கவேண்டும்: தர்க்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. வலம் இடத்தை ஆண் பெண்ணாகப் பிரித்துக்கொண்டதையும் கவனிக்கவேண்டும். கையில் கிடைத்த எந்த வேறுபாட்டையும் சமூகம் தனக்கு முன்பே தெரிந்த வேறுபாட்டின் மேல் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ஆஸ்திரியாவில் சால்ஸ்காமர்கூட் என்ற மலைப்பிரதேசத்தில் இலையுதிர்காலத்தில் குருவி பிடிக்கும் வழக்கம் உண்டு. பிடிக்கிற நாலு வகையில் இதுவும் ஒன்று. அந்த வழக்கம் 2010இல் அந்நாட்டின் மரபுப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது பறவை ஆர்வலர்கள் சண்டைக்கு வந்தார்கள். அது வேறு கதை.

*

இப்போது பூஃபோன். 1739இலிருந்து பாரிஸ் அரச தோட்டத்தின் தலைவர். 1749இல் தொடங்கி அவர் சாகிற வருஷமான 1788 வரை முப்பத்தாறு தொகுதி வெளிவந்த 'இயற்கை வரலாறு' நூலின் ஆசிரியர். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு மிருகத்தைப் பற்றி என்ன பேசலாம் என்பதைத் தீர்மானித்த சொல்லாடலின் மையம் அவர்தான் எனலாம். குறுக்கலகியைப் பற்றி அவர் எழுதியது: இந்த அலகு ஒரு விகாரம், இயற்கையின் ஒரு பிழை.

அவரைச் சுலபமாக முட்டாளாக்கிவிட முடியாது. பின்னால் வந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள்: பாவம், பைன் கூம்பைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று. தெரியும். செதிலைத் தூக்கி விதையை எடுக்க இந்த அலகு உதவுகிறது என்று அதே கட்டுரையிலேயே சொல்கிறார். குறை இருந்தாலும் ஜீவன் அதற்கொரு ஈடு தேடிக்கொள்கிறது என்பது அவர் வழி. அப்படியானால் பிழை என்று எதை வைத்துச் சொல்கிறார்? அங்கேதான் வலம் இடம் வருகிறது. சில குருவிகளில் வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம் என்று மாறி மாறி இருக்கிறதே, இதுவே இது பிழை என்பதற்குச் சாட்சி என்கிறார். இயற்கைக்கு நிலையான நோக்கமும் மாறாத நிறைவேற்றமும் உண்டு என்றுதான் நாம் கொள்ளவேண்டும். மாறுவது அதன் கருத்தாக இருக்க முடியாது. ஆகவே வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் மாதிரி, எந்தப் பக்கம் அதிகம் புழங்கியதோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று முடிக்கிறார்.

அதாவது கோணல்கூடக் குற்றமில்லை. எல்லாம் ஒரே பக்கம் கோணியிருந்தால் அதை ஒரு விதி என்று ஏற்றுக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் கோணியதுதான் குற்றம். நேர் எதிர் கோணல் என்ற இரட்டைக்குக் கீழே, ஒருமை எதிர் பன்மை என்ற இன்னொரு இரட்டை கிடக்கிறது. பிழை என்று ஒரு மையம் தீர்ப்பு எழுதும்போது அது பெரும்பாலும் உருவத்தைப் பார்த்து எழுதுவதில்லை, எண்ண முடியாமல் போவதைப் பார்த்துத்தான் எழுதுகிறது என்று எனக்குப் படுகிறது. பேச்சுமொழி பற்றி நம் பண்டிதர்கள் சொல்லிவந்ததையும் யோசித்துப் பாருங்கள். அது ஊருக்கு ஊர் மாறுகிறது, ஆகவே மொழியில்லை, கொச்சை.

பூஃபோனிடம் முரண்கள் நிறைய. பன்றியைப் பற்றி எழுதும்போது, தரையில் படாத அதன் பக்கவாட்டு விரல்களைக் காட்டி, எல்லா உறுப்புக்கும் ஒரு நோக்கம் தேடாதீர்கள், இயற்கை உங்கள் நோக்கங்களுக்குக் கட்டுப்பட்டதில்லை என்று சொன்னதும் அவரேதான். பாதிரிகளுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பன்றிப் பக்கங்களை எழுதிய கை, குறுக்கலகிக்கு வரும்போது ஏன் இயற்கைக்கு மாறாத திட்டம் ஒன்றைக் கேட்கிறது? எனக்குத் தோன்றும் ஒரு விடை: அவருடைய 'குறை' என்ற சொல் பறவையோடு நின்றதில்லை. தென் அமெரிக்காவின் தேவாங்கு போன்ற மந்த மிருகமான ஸ்லாத்தைப் பற்றி, இன்னும் ஒரு குறை கூடியிருந்தால் அது இருந்திருக்கவே முடியாது என்று எழுதியவர். அமெரிக்கக் கண்டத்தின் மிருகங்கள் எல்லாமே பழைய உலகத்தவற்றைவிடச் சிறுத்தவை, அங்கே கொண்டுபோனவையும் சிறுத்துப்போகும் என்று ஒரு கோட்பாடே செய்தார். அந்தக் கண்டத்து ஆதிக்குடிகளையும் அதற்குள் இழுத்துப் போட்டார். ஜெஃபர்சன் ஆத்திரப்பட்டு 'வர்ஜீனியாக் குறிப்புகள்' நூலில் எடை அட்டவணை போட்டுக் காட்டினார். போதாதென்று 1787இல் ஒரு பெரிய மூஸ் மானின் தோலையும் எலும்பையும் பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். ஜெஃபர்சனின் வாதமும் பெரிய யோக்கியமில்லை. எங்கள் மிருகம் உங்கள் மிருகத்தைவிடப் பெரிது என்பதுதானே அது, அளவுகோலை அவர் மாற்றவில்லை. கறுப்பின மக்களைப் பற்றி அதே நூலில் அவர் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

*

மறுப்பு வந்தது. வந்த விதம் சுவாரசியமானது. ராபர்ட் டவுன்சன் என்ற ஆங்கிலேயர், ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்தபோது, தன் அறையிலேயே சில குறுக்கலகிகளை வளர்த்தார். 1799இல் வெளிவந்த அவர் நூலில் இருக்கிறது விவரம். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இவை மேஜைக்கு வரும். பென்சிலைத் தூக்கிக்கொண்டு போகும். பூச்சிகள் போட்டு வைக்கிற சின்ன மரப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு நிமிஷத்தில் கிழித்துப் போட்டுவிடும். எப்படிச் செய்கின்றன என்று பார்த்தார். முதலில் கொத்திச் சின்ன ஓட்டை போடுகின்றன, அதில் அலகை நுழைக்கின்றன, பிறகு பக்கவாட்டில் நெம்புகின்றன. ஓட்டோடு பாதாம் கொடுத்தார். அதையும் அப்படியே. நாம் கடிக்கும்போது தாடை மேலும் கீழும் போகிறது, இதற்குப் பக்கவாட்டிலும் போகிறது. பென்சிலைப் பறிகொடுத்தவருக்குத்தான் இது தெரிந்தது.

முப்பது வருஷம் கழித்து, 1829இல், வில்லியம் யாரெல் தலையை அறுத்துப் பார்த்தார். லண்டனில் பத்திரிகை ஏஜென்டாகவும் புத்தக வியாபாரியாகவும் இருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. தோலை உரித்ததும் அவர் கண்டது, இந்தக் கோணல் அலகோடு நிற்கவில்லை என்பது. இரண்டு பக்கத்துத் தாடைத் தசைகளும் சமமில்லை. கீழலகு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்துத் தசை பெருத்திருக்கிறது. கீழ்த்தாடை பக்கவாட்டில் நகரத் தோதாக மூட்டு அமைந்திருக்கிறது. நாக்கின் நுனி விதையை வழித்தெடுக்கிற கரண்டியாக இருக்கிறது. செதிலுக்குக் கீழே அலகு நுழைகிறது, கீழலகு பக்கவாட்டில் தள்ளுகிறது, செதில் எழும்புகிறது, அந்தச் சந்தில் நாக்கு போய் விதையை எடுத்துவருகிறது. மண்டை முழுவதுமே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒத்துழைக்கிற ஏற்பாடு. பூஃபோன் பேரைச் சொல்லியே அவரை மறுத்துவிட்டு, சாதனமும் நோக்கமும் பொருந்துவதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டைத் தான் கண்டதில்லை என்று யாரெல் முடிக்கிறார்.

இங்கேதான் எனக்குப் பழைய உறுத்தல் திரும்பியது. யாரெல் சொன்னது சரி, பூஃபோன் சொன்னது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் யாரெல் எழுதுகிற இங்கிலாந்தில் 'சாதனம், நோக்கம், பொருத்தம்' என்பது ஒரு தயாரான இறையியல் பேச்சு. கடவுள் வீணாக எதையும் செய்யமாட்டார், ஆகவே கோணலுக்கும் காரணம் இருக்கும், இதோ காரணம், ஆகவே மன்னிக்கப்பட்டது. சுத்தமான வழுவமைதி. பயன் இருக்கிறது என்ற சாட்சி கிடைத்ததால் குருவி விடுதலை ஆயிற்று. கிடைக்காமல் போயிருந்தால்? பன்றியின் பயனில்லாத விரலுக்கு யார் வாதாடுவார்? திட்டத்தை நம்பாதவன் தப்பாகத் தீர்ப்புச் சொன்னான், நம்பியவன் சரியாகச் சொன்னான். இரண்டு பேருமே நேர் அலகை நீதிபதியாக வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். கங்கியெம், ஃபூக்கோவின் ஆய்வேட்டை மதிப்பிட்டு அறிக்கை தந்தவர், 1943இல் முடித்த தன் மருத்துவ ஆய்வேட்டில் ஒரு விஷயம் சொல்கிறார். எந்த உண்மையும் தன்னளவில் இயல்பானதுமில்லை, நோயானதுமில்லை. ஓர் உயிருக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவில்தான் நியமம் என்ற ஒன்று உண்டாகிறது. இதைத் தமிழில் நாம் நிறைய மேற்கோள் காட்டிவிட்டோம், பெரும்பாலும் மனிதர்களைப் பற்றி. இதற்குக் குருவி கொடுத்த நிரூபணம் ஒன்று இருக்கிறது.

*

1991இல் 'நேச்சர்' இதழில் க்ரெய்க் பெங்க்மனும் லிண்ட்ஹோமும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கூண்டில் வளர்த்த ஏழு குறுக்கலகிகள். அவற்றின் அலகு நுனிகளை, நகம் வெட்டுவதுபோல, குறுக்காகத் தாண்டுகிற அளவுக்கு மட்டும் வெட்டினார்கள். நகம் மாதிரிதான், வலி இல்லை, திரும்ப வளர்ந்துவிடும். இப்போது அலகு நேராகிவிட்டது, மற்ற ஃபிஞ்சுகளைப் போல. பூஃபோன் கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு கூம்புகளைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே விரிந்த கூம்பிலிருந்து விதை எடுப்பதில் கஷ்டம் இல்லை. எடுத்த விதையை உரிப்பதிலும் இல்லை. ஆனால் இறுக மூடிய கூம்பில் ஒரு விதையைக்கூட எடுக்க முடியவில்லை. நாள் ஆக ஆக நுனி வளர்ந்தது. கொஞ்சம் தாண்டத் தொடங்கியதும் கொஞ்சம் எடுத்தன. முழுக்கத் தாண்டியதும் பழையபடி எடுத்தன.

நேராக்கப்பட்டபோதுதான் ஊனம் உண்டாயிற்று. இது வழுவமைதி இல்லை. வழுவமைதியில் விதி அப்படியே இருக்கும், விலக்குக்கு மட்டும் கருணை கிடைக்கும். இங்கே விதி என்று நாம் நினைத்ததை எடுத்து அந்தக் குருவியின் முகத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த முகத்தில் அது பட்டினியாகிவிட்டது. ஆனால் மூடிய கூம்பின் முன்னால் மட்டும்தான், விரிந்த கூம்பின் முன்னால் இல்லை என்பதையும் விடக்கூடாது. ஊனம் அலகில் இருந்ததா, கூம்பில் இருந்ததா? இரண்டிலும் இல்லை. இரண்டும் சந்திக்கிற சந்தில் இருந்தது.

குஞ்சு பொரியும்போது அதன் அலகு நேராகத்தான் இருக்கும். கூட்டை விட்ட பிறகே நுனிகள் மெல்லத் தாண்டத் தொடங்கும். அதுவரை கூம்பைத் திறக்க வராது. தாயும் தகப்பனும் விதையைத் தின்று, கக்கி ஊட்டவேண்டும். கூம்பு நிறைந்திருந்தால் நடுக் குளிர்காலத்திலும், மரமெல்லாம் பனி கிடக்க, இவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். நேர் அலகு என்பது இந்த இனத்தில் பிறர் ஊட்டினால்தான் பிழைக்கிற பருவத்தின் அலகு.

வலம் இடத்துக்கு வருவோம். பெரும்பாலான இனங்களில் வலத்தாண்டியும் இடத்தாண்டியும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பெங்க்மன் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். கிளையில் ஒட்டிய கூம்பை ஒரு குருவி தன் கோணலுக்குத் தோதான பக்கத்திலிருந்தே அணுக முடியும். ஆகவே ஒரு பக்கத்துச் செதில்களையே அதிகம் காலி செய்யும். பின்னால் வருகிற குருவியும் அதே பக்கத்தது என்றால் மிச்சம் குறைவு, எதிர்ப் பக்கத்தது என்றால் மிச்சம் அதிகம். எந்தப் பக்கத்தவை எண்ணிக்கையில் குறைகின்றனவோ அவற்றுக்கு ஆதாயம் கூடும்; அவை பெருகும்; பெருகினால் ஆதாயம் போய்விடும். இப்படிப் பாதியில் வந்து நிற்கிறது. பூஃபோன் எதைப் பிழைக்குச் சாட்சியாகக் காட்டினாரோ, துரிங்கியாக்காரர்கள் எதை ஆண் பெண் என்று பிரித்தார்களோ, அந்த இரண்டுபட்ட நிலை ஒருவர் மிச்சத்தில் இன்னொருவர் பிழைக்கிற ஏற்பாடு. விளக்கம் நாளை மாறலாம். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் கோணியிருந்தால்தான் ஒழுங்கு என்ற அந்த ஆசைக்கு இனிமேல் இந்தக் குருவியிடம் இடமில்லை.

பறவையியலாளர்களுக்கும் இது இன்றுவரை அடங்கவில்லை. பைனுக்குத் தடித்த அலகு, ஸ்புரூஸுக்கு நடுத்தரம், லார்ச்சுக்கு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அதற்குள் அமெரிக்காவில் ஜெஃப்ரி க்ரோத் 1993இல், பறக்கும்போது இவை போடும் குரலை வைத்தே பல வகைகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். கண்ணுக்கு ஒரே குருவி, காதுக்குப் பல. ஸ்காட்லாந்துக் குறுக்கலகி தனி இனமா என்ற வழக்கு 2006இல் குரலை வைத்தே தீர்ந்தது. உருவத்தை வைத்துத் தொடங்கிய சண்டை ஒலியில் வந்து முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துத் தெற்கில், சவுத் ஹில்ஸ் என்ற சிறு மலைத்தொடரில், லாட்ஜ்போல் பைன் கூம்புகளையே நம்பி, இடம்பெயராமல் வாழும் ஒரு குறுக்கலகி இருக்கிறது. அந்த மலையில் பைன் அணில்கள் கிடையாது. மற்ற இடங்களில் கூம்பை முதலில் காலி செய்வது அணில். மரமும் அணிலுக்கு எதிராகத்தான் தற்காத்துக்கொள்ளும். இங்கே போட்டி மரத்துக்கும் குருவிக்கும்தான்: மரம் செதிலைத் தடிக்க வைக்க, குருவியின் அலகும் தடித்துக்கொண்டே வந்தது. 2009இல் பெங்க்மனும் உடன் ஆய்வாளர்களும் இதைத் தனி இனம் என்று முன்வைத்து லாக்ஸியா சைனேஸ்கியூரிஸ் என்று பேர் வைத்தார்கள். 'அணில் இல்லாத' என்று அர்த்தம். 2017இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் ஏற்றுக்கொண்டது. மறுபடியும் இல்லாத ஒன்றை வைத்தே பேர். ஆனால் இந்த முறை இல்லாதது குருவியிடம் இல்லை, மலையில். அந்த வித்தியாசத்தை நான் மதிக்கிறேன்.

அங்கே கூம்புகள் வருஷக்கணக்கில் மூடியே கிடக்கும். பிசின் ஒட்டியிருக்கும், சூடு பட்டால்தான் உருகி விரியும். காட்டுத்தீ வந்தால் விதை கொட்டும், சாம்பலில் முளைக்கும். மரத்தின் ஏற்பாடு அது. குருவியின் ஏற்பாடு கூம்பு மூடியிருப்பதில். கோடையின் உச்ச வெப்பம் கூடும்போது தீ இல்லாமலேயே கூம்புகள் விரிந்து விதையை உதிர்த்துவிடுகின்றன என்றும், அந்த ஆண்டுகளை அடுத்துக் குருவிகள் குறைந்தன என்றும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் சவுத் ஹில்ஸில் பெரிய தீ வந்தது. சுமார் 90,000 ஏக்கர் எரிந்தது. குருவி வாழ்கிற பைன் காடும் அதில் சேர்த்தி. அந்தக் கிளைகளில் எத்தனையோ வருஷமாக மூடிக் கிடந்த கூம்புகளெல்லாம் ஒரே வாரத்தில் திறந்தன.